கிணற்றுத் தண்ணீரில் யுரேனியம்: கொதிக்க வைத்தால் போகுமா?

கேள்வி: வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் யுரேனியம் லிட்டருக்கு 48 மைக்ரோகிராம் என்று வந்திருக்கிறது. பக்கத்தில் அணுமின் நிலையமோ சுரங்கமோ கிடையாது. பிறகு எப்படி வந்தது? கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? குளிக்கவும் காய்கறிச் செடிகளுக்கும் பயன்படுத்தலாமா?

கொதிக்க வைக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் எங்கேயும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சமிருக்கும் தண்ணீரில் யுரேனியத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

எங்கிருந்து வந்தது என்றால், உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் பாறையிலிருந்து. கிரானைட் போன்ற பாறைகளில் டன்னுக்குச் சில கிராம் யுரேனியம் இயல்பாகவே உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், பூமி உருவானபோது இருந்ததில் ஏறக்குறைய பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் பாறையில் இருப்பதெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடாது. ஒரு உலோகம் நகருமா, கிடந்த இடத்திலேயே கிடக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் கதிரியக்கம் இல்லை, வேதியியல். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

யுரேனியத்துக்கு இரண்டு முகம். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அது கரையாத கனிமமாகப் பாறையோடு ஒட்டிக்கிடக்கும். ஆக்சிஜன் கலந்த தண்ணீர் வந்து தொட்டதும் யுரேனைல் என்ற கரையும் வடிவத்துக்கு மாறிவிடும், அப்போதும் இரும்புத் துரு படிந்த மண்துகள் கிடைத்தால் அதில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடத்தான் பார்க்கும். அதை நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போவது தண்ணீரிலுள்ள பைகார்பனேட். அதோடு சேர்ந்தால் யுரேனியம் பெரும்பாலும் எதிர் மின்னேற்றமுள்ள கூட்டுப்பொருளாகிவிடும், மண்துகள்கள் அதை அவ்வளவாகப் பிடித்து வைப்பதில்லை. கால்சியமும் கூடச் சேர்ந்தால் பிடி இன்னும் தளரும். சோதனைத் தாளில் யுரேனியத்துக்குப் பக்கத்திலேயே காரத்தன்மை, கடினத்தன்மை, நைட்ரேட் மூன்றும் இருக்கும், அவற்றையும் பாருங்கள். உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் இறங்கும் நைட்ரேட், ஆழத்தில் அசையாமல் கிடக்கும் யுரேனியத்தை ஆக்சிஜனேற்றம் செய்து கரைய வைக்கக்கூடியது. ஆக, சரக்கு பாறையுடையது என்றாலும் அதைக் கிளப்பிவிட்டதில் மேலே நடக்கும் விவசாயத்துக்கும் சாக்கடைக்கும் பங்கு இருக்கலாம்.

இதற்கு நேர் எதிர், பாறையில் இருக்கும் இன்னொரு கதிரியக்க உலோகமான தோரியம். பூமியின் மேலோட்டில் யுரேனியத்தைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம், ஆனால் கரையவே கரையாது என்பதால் கிணற்று நீரில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை என்று சொல்லலாம். யுரேனியம் சிதையும் வழியில் உருவாகும் ரேடியம்-226 (அரை ஆயுள் 1600 ஆண்டுகள்) வேறு ரகம். அது கால்சியத்தின் உறவுக்காரன், உடம்புக்குள் போனால் எலும்பைத் தேடிப் போகும். உப்பு அதிகமுள்ள, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில்தான் அதிகம் நடமாடும். சல்ஃபேட்டும் பேரியமும் இருந்தால் அவற்றோடு சேர்ந்து படிந்துவிடும், எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்குள் கதிரியக்கப் படிவு சேர்வது இப்படித்தான். அதனால் யுரேனியம் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக ரேடியமும் கூடுதலாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், தனியாகச் சோதித்தால்தான் தெரியும்.

அணுகுண்டிலும் அணு உலையிலும் வரும் கதிரியக்க உலோகமான புளூட்டோனியமும் மண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளும் ஆசாமிதான், அதிகம் நகராது என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் அமெரிக்காவின் நெவாடாவில் 1968-இல் நிலத்தடியில் வெடித்த ஒரு அணுகுண்டின் புளூட்டோனியம், 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த நிலத்தடி நீரில் கிடைத்ததாக 1999-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கரைந்து போகவில்லை, தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய களிமண் போன்ற துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு பயணம் செய்திருந்தது. இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், கலங்கலான தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் கரைந்த உலோகமும் துகளில் ஒட்டிய உலோகமும் சேர்ந்தே கணக்கில் வரும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, தெளிந்த பிறகு பிடியுங்கள். உலோகம் பாட்டில் சுவரில் படிந்துவிடாமல் இருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள், அதை ஆய்வகமே பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, 48 ஆபத்தா? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 30, அதைத் தாண்டியிருக்கிறீர்கள். ஆனால் அந்த 30 கதிர்வீச்சை வைத்துப் போட்டதல்ல, சிறுநீரகத்தை வைத்துப் போட்டது. 48 மைக்ரோகிராம் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). தினம் 2 லிட்டர் குடித்தால் ஆண்டுக்கு சுமார் 0.04 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவுகோல்) கதிர்வீச்சு சேரும், இயற்கையிலிருந்தே நாம் ஆண்டுக்கு வாங்கிக்கொள்வது உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். எனவே பயப்பட வேண்டிய பக்கம் கதிர்வீச்சு இல்லை. குடித்த யுரேனியத்தில் குடல் உறிஞ்சுவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான், அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், போகிற வழியில் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும் என்பதுதான் கவலை. நாளைக்கே ஒன்றும் ஆகாது, ஆனால் வருடக்கணக்கில் குடிக்க வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்றே வேறு தண்ணீருக்கு மாறிவிடுங்கள். ஆய்வகம் அடுத்து ‘மொத்த ஆல்ஃபா’ (தண்ணீரிலுள்ள ஆல்ஃபா கதிர்வீச்சு முழுவதையும் சேர்த்து அளப்பது) சோதித்து, லிட்டருக்கு 0.5 பெக்கரல் என்ற முதற்கட்டச் சோதனை அளவைத் தாண்டிவிட்டது என்று சொன்னால் பதற வேண்டாம், உங்கள் யுரேனியம் மட்டுமே அதைத் தாண்டிவிடும்.

குளிக்கலாம், துணி துவைக்கலாம், தோல் வழியாக யுரேனியம் உள்ளே போவது மிக மிகக் குறைவு. செடிக்கும் ஊற்றலாம். ஊற்றும் யுரேனியத்தில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும், செடி எடுப்பதும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், இலைக்கும் காய்க்கும் ஏறுவது சொற்பம். கேரட், முள்ளங்கி மாதிரி மண்ணுக்குள் விளைவதை மட்டும் நன்றாகக் கழுவித் தோல் சீவிவிடுங்கள்.

வடிகட்டி வாங்கப் போகும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புற ஊதா விளக்கு உலோகத்தை ஒன்றும் செய்யாது, சாதாரணக் கரி வடிகட்டியை நம்ப முடியாது. கடினநீரை மென்மையாக்கும் கருவி நேர் மின்னேற்றத்தைப் பிடிப்பது, எனவே ரேடியம் மாட்டும், கார்பனேட்டோடு சேர்ந்து எதிர் மின்னேற்றத்தில் வரும் யுரேனியம் நழுவிவிடும். யுரேனியத்துக்கு வேண்டியது எதிர் மின்னேற்றமுள்ள அயனிகளைப் பிடிக்கும் பிசின் (ரெசின்) அல்லது ஆர்.ஓ. ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் சமையலறையில் ஒரு ஆர்.ஓ. போதும், சவ்வு நன்றாக இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். அது வெளியே தள்ளும் கழிவுநீரில் அடர்த்தி கூடியிருக்கும், பாதித் தண்ணீர் கழிவாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிசின் வைத்தால் அதிலேயே யுரேனியம் சேர்ந்துகொண்டிருக்கும், தீர்ந்ததும் தோட்டத்தில் கொட்டாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள், வாங்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கருவி மாட்டியதும் வடிகட்டிய தண்ணீரையும் ஒரு முறை சோதியுங்கள், அப்புறம் கிணற்றுத் தண்ணீரை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள், நீர்மட்டம் மாறினால் இந்த 48-உம் மாறக்கூடும்.