நடுவருக்குக் கவர் எப்போது கொடுப்பது?

கேள்வி: பொங்கலுக்கு 16 அணிகளோடு மின்னொளி கபடி நடத்துகிறோம். போன வருடம் வந்த 6 நடுவர்களில் 2 பேர்தான் இந்த முறை வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கியும் மற்றவர்கள் மசியவில்லை. ஏன்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 16 அணி நாக் அவுட் என்றால் 15 ஆட்டம். 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 என்று முழுசாக ஆடினால் டைம் அவுட்டோடு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். மாலை 6 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை 9 ஆகிவிடும். ஒரு நடுவர், 2 அம்பயர், ஒரு ஸ்கோரர், 2 உதவி ஸ்கோரர் என்று அதே 6 பேர் விடிய விடிய நின்றால் என்ன ஆகும்? பாடிப் போகும் ரெய்டர், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்னங்கால் தரையை விட்டு எழும்பியதா, யாரையும் தொடாமலே லாபியில் (ஆடுகளத்தின் இரு ஓரப் பட்டைகளில்) கால் வைத்தாரா என்பதெல்லாம் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். விடியற்காலை 3 மணிக்கு அசந்த கண் அதைத் தவறவிடும், மைதானமே திட்டும். வராமல் போவதற்குப் பெரும்பாலும் அந்தத் திட்டுதான் காரணம். 12 பேரை அழைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி விடுங்கள். முடியாவிட்டால் முதல் சுற்றை 15-5-15 ஆகக் குறையுங்கள்.

பயணப்படியைத் தனிக் கவரில் கொடுங்கள். சேர்த்துக் கொடுத்தால், 60 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவருக்கு உள்ளூர்க்காரரைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும். அரையிறுதி முடிந்ததுமே பணம் கைக்குப் போய்விட வேண்டும். இறுதி ஆட்டம் முடிந்தால் கோப்பை, சால்வை, பட்டாசு, தோற்ற அணியின் சண்டை. அந்தக் கூட்டத்தில் பொருளாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது நடுவரின் வேலை இல்லை. தீர்ப்பு தப்பு என்று சொல்லி ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை விழாக் குழுவின் முகத்தைப் பார்த்துத்தான் விசில் ஊதுவார்.

கேள்வி: பணம் கொடுத்தால் விளையாட்டு மேல் இருக்கும் பிரியம் குறைந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், காரைக்குடி

பதில்: அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிருக்கு ஒரு டாலர் என்று வாங்கிய மாணவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரை முன்பைவிடக் குறைவாகவே தொட்டார்கள். அதற்காக நடுவரை இலவசமாக அழைக்கலாம் என்று ஆகாது! அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அந்தத் தொகை நியாயமான ஈடு. ‘நல்லா நடத்தினா கூடுதல்’ என்ற பேச்சுதான் கெடுக்கும். தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணத்தோடு மரியாதையும் வேண்டும். பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் 2 நிமிட வெளியேற்றம், சிவப்பு என்றால் அந்த ஆட்டமே போச்சு; உள்ளூர் அணிக்கு எது காட்டினாலும் மைக்கைப் பிடித்து, ‘நடுவர் தீர்ப்பே இறுதி’ என்று அறிவியுங்கள்.