கொரில்லா பார்க்கப் போகும் 64 வயது அம்மாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது, அம்மாவுக்கு 64. இருவருமாகத் தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா பார்த்துவிட்டோம். அடுத்தது கொரில்லா பார்க்க உகாண்டாவின் புவிண்டி காடு. அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும், ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலாலும் சாப்பிடுகிறார். இந்த வயதில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடலாமா? நான் 2013-ல் கென்யா போனபோது போட்டது. அட்டையில் 2023 வரைதான் செல்லும் என்றிருக்கிறது.

பதில்: உங்களுக்கு மறுபடி ஊசி வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் அந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டைக்கும் இது பொருந்தும். அட்டையில் பழைய பாஸ்போர்ட் எண் இருந்தால் அந்தப் பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அம்மா விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆன தடுப்பூசி. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது கல்லீரல், சிறுநீரகத்தைத் தாக்கும் கடுமையான பக்கவிளைவு லட்சத்தில் ஒருவருக்கு வரலாம். அபூர்வம்தான், ஆனால் இளையவர்களைவிட அதிகம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தடை இல்லை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், தொடர்ந்து ஸ்டீராய்டு, புற்றுநோய் சிகிச்சை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, முட்டைக்குக் கடும் ஒவ்வாமை, இவற்றில் எது இருந்தாலும் போடக்கூடாது. அப்போது உகாண்டாவை விட்டுவிடுங்கள் என்பேன். அட்டை இல்லாமல் அங்கே நுழைவதும் சிக்கல். திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

எதுவும் இல்லையென்றால் போடலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அட்டை 10 நாள் கழித்துச் செல்லுபடியாகும் என்பதால் பலர் 11-ஆம் நாளே விமானம் ஏறுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு மாதம் முன்பே போடுங்கள். பிரச்சினை வந்தால் முதல் சில வாரங்களில்தான் வரும். அப்போது அவர் வீட்டில் இருக்கட்டும். லேசான ஜுரமும் உடல்வலியும் சகஜம். கடும் ஜுரம், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், குழப்பமான பேச்சு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

மலேரியாவை இதைவிடப் பெரிய ஆபத்தாக நினையுங்கள். மலேரியா தடுப்பு மாத்திரைகளில் குளோரோகுயின் அங்கே பலிக்காது. அம்மா அட்டெனலால் சாப்பிடுவதால் மெஃப்ளோகுயின் என்ற மாத்திரையையும் தவிர்க்கலாம். டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம். வீடு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி ரத்தத்துக்கு வந்த பிறகுதான் இந்த மாத்திரை அதைக் கொல்லும், அதற்குத்தான் அந்த 4 வாரம். ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். அம்மா கால்சியம் மாத்திரை போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி தேவை. நீங்கள் கர்ப்பமாக இருந்தால் டாக்சிசைக்ளின் கூடாது.

கொரில்லாவைத் தேடி மலையேறுவது ஒரு மணி நேரத்திலும் முடியலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். கிளிமெபிரைடு போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பை அட்டெனலால் மறைத்துவிடும், வியர்வை மட்டுமே காட்டிக்கொடுக்கலாம். அன்றைய கிளிமெபிரைடு அளவைக் குறைப்பது பற்றி அவருடைய டாக்டரிடம் முன்பே கேளுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் அம்மா சட்டைப்பையிலேயே இருக்கட்டும், சுமைதூக்குபவர் பையில் வேண்டாம். இருமல், சளி இருந்தால் காவலர்கள் அனுமதிக்க மாட்டார்கள், கொரில்லாவுக்குத் தொற்றும் என்பதால். 800 டாலர் அனுமதிச்சீட்டு வீணாகலாம்.

ஊர் திரும்பிய 3 மாதத்துக்குள் யாருக்கு ஜுரம் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையே “உகாண்டா போய்வந்தேன்” என்பதாக இருக்கட்டும். அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிருமி தெரியவில்லையென்றால் 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடியும்.