துண்டுத் துணிப் போர்வையில் 12 இன்ச் பிளாக்கை (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்) 9 இன்ச்சாக்க எல்லா அளவையும் முக்கால் ஆக்கினால் போதுமா?

போதாது. உங்கள் போர்வை வரிசைக்கு வரிசை குட்டையாகி நிற்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். துணி சுருங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

பிளாக் சின்னதாகும், ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கு விடும் கால் இன்ச் சின்னதாகாது. வரிசைக்கு மூன்றாக ஒன்பது துண்டு பிளாக் என்று வைத்துக்கொள்வோம். 12 இன்ச்சுக்கு ஒவ்வொரு துண்டையும் நாலரையில் வெட்டுவோம், தைத்தபின் 4 இன்ச் நிற்கும். நாலரையில் முக்கால் 3 இன்ச் 3 நூல் (8 நூல் ஒரு இன்ச்). அதைத் தைத்தால் 2 இன்ச் 7 நூல்தான் வரும். துண்டுக்கு 1 நூல் வீதம் ஒரு பிளாக்குக்கு 3 நூல் குறை, எட்டு பிளாக் வரிசையில் 3 இன்ச் போச்சு. அதனால் தைத்த அளவான நாலை மட்டும் முக்கால் ஆக்குங்கள், அப்புறம் அரை இன்ச் சேர்த்து மூன்றரையில் வெட்டுங்கள். சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணமாக்கும் டிசைன் என்றால் அரை போதாது, 7 நூல் சேர்க்க வேண்டும். சென்டிமீட்டரில் தைப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், முறை ஒன்றுதான்.

நான் கோத்தகிரியில் போர்வை தைத்து விற்கிறேன். ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் 12 இன்ச் பிளாக்கில் 72க்கு 72 போர்வை வாங்கினார். பிறகு வந்து அதே அளவில் 9 இன்ச் பிளாக் வேண்டும் என்றார். "சின்ன பிளாக்தானே அக்கா, துணி மிச்சமாகுமே, விலையைக் குறைங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். முதல் போர்வையில் 36 பிளாக், 324 துண்டு, 6,561 சதுர இன்ச் துணி. இதில் 64 பிளாக், 576 துண்டு, 7,056 சதுர இன்ச். போர்வை அதே அளவுதான், துணி மட்டும் 495 சதுர இன்ச் கூடுதல். அத்தனையும் தையலுக்குள் மடிந்து போவது. 252 துண்டு அதிகமாக வெட்டி, தைத்து, அயர்ன் போட வேண்டும். போனில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான், ஆனாலும் கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்றார். நான் குறைக்கவில்லை. அதிக விலை சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு பிளாக் தைத்துப் பார்க்கட்டும்.

இந்த மலையில் கைவேலை என்றாலே பேரம்தான். நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் செய்யும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்தது. வரைந்து வைத்துக்கொள்ளாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே அந்தப் பெண்கள் ஊசி கோக்கிறார்கள். அவர்களிடமே மெஷினில் அடித்த சால்வையைக் காட்டி, "இது பாதி விலைக்குக் கிடைக்குதே" என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். முதல் பிளாக்கைத் தைத்ததும் அளந்து பாருங்கள். ஓரத் தையலும் சேர்த்து ஒன்பதரை இருக்க வேண்டும். நாளைக்கே யாராவது 10 இன்ச் கேட்டால் மூன்றால் வகுத்துத் தவிக்காதீர்கள். 9 இன்ச் பிளாக்கின் நாலு பக்கமும் 1 இன்ச் அகலப் பட்டை வைத்துத் தையுங்கள். இரு ஓரமும் தையலில் போய்ப் பட்டை அரை இன்ச் நிற்கும், பிளாக் 10 ஆகிவிடும்.