போனா, கீபோர்டா?

கேள்வி: தெருப் பசங்களோடு சின்ன ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறேன் சார். ஆண்ட்ராய்டு போனில் எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் என்கிற மியூசிக் ஆப் போட்டுத்தான் பாட்டுக்குப் பின்னணி ட்ராக் செய்கிறேன். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் மேடை கிடைக்கும் போலிருக்கிறது. போனிலேயே வாசித்துவிடலாமா, கடன் வாங்கியாவது கீபோர்டு வாங்கணுமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: கடன் வேண்டாம் தம்பி. ட்ராக் செய்ய போனே தாராளம், வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அடுக்கிவிடலாம், சாதாரணக் கீபோர்டில் அந்த வசதி வராது. ஆனால் மேடை வேறு. கெங்கையம்மன் சிரசு வைகாசி முதல் தேதி, சரியான கத்திரி வெயில். ஆப்பிள் கம்பெனியே தன் ஐபோனை 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்கிறது, நம்ம பக்கம் பகலில் 40ஐத் தாண்டும். கச்சேரி ராத்திரிதானே என்றாலும் ஃபோகஸ் லைட் அடியில் பெரிய வித்தியாசம் இருக்காது. சூடு ஏறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் விட்டு விட்டு வரும். கீபோர்டுக்கு வாசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, அதனால் அந்தத் தொல்லையும் இல்லை. அப்புறம், ப்ளூடூத் ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். தொட்டதற்கும் கேட்பதற்கும் நடுவில் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சிலதில் அதற்கு மேலும் தாமதமாகும், தபேலாக்காரர் முறைப்பார். இன்னொன்று, கண்ணாடியில் மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் பெரும்பாலான ஆப்பில் ஒரே சத்தம்தான்.

அன்று ஒரு ராத்திரிக்கு நல்ல கீபோர்டை வாடகைக்கு எடுங்கள். மேடை தொடர்ந்து கிடைத்தால் அப்போது செகண்ட் ஹேண்டில் பாருங்கள். டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடிக் குறைவது), பிட்ச் பெண்ட் வீல் (ஸ்வரத்தை வளைக்கிற சக்கரம்) இரண்டும் இருக்கவேண்டும், மலிவான மாடல் சிலவற்றில் இருக்காது. வீல் இல்லாமல் நம்ம பாட்டுக்குக் கமகம் எப்படிக் கொடுப்பது? பழைய மாடலாயிற்றே என்று ஒதுக்காதீர்கள், மிடி என்கிற இணைப்பு முறை 1983லிருந்து இருக்கிறது, அதற்கான ஓட்டை கீபோர்டின் பின்னால் இருந்தால் யுஎஸ்பி மிடி கேபிளும், அதைப் போனில் செருக ஓடிஜி என்கிற குட்டி இணைப்பானும் போட்டு உங்கள் போனோடும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டை கீபோர்டினுடையது, சத்தம் ஆப்பினுடையது. மேடையில் போனும் இருந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், பல்லவி நடுவில் மாமா கூப்பிடுவார்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. டேப்லெட்டில் பியானோ ஆப்பை வைத்தே பழகினால் போதாதா?
- வாசகி, காட்பாடி

பதில்: போதாதும்மா. ஸ்வரம் அடையாளம் தெரியும், விரல் பழகாது. 61 கட்டை உள்ள சாதாரணக் கீபோர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், டேப்லெட்டில் ரெக்கார்டு செய்து அவனே கேட்டுப் பார்க்கட்டும்.