கோப்பு இருக்கிறது, ஃபயர்பாக்ஸ் கேட்க மறுக்கிறது

கேள்வி: எங்கள் நூலகத்தில் வாசகர்களுக்காக எட்டுக் கணினிகள் இருக்கின்றன. ஐந்தில் விண்டோஸ், மூன்றில் உபுண்டு 22.04. எல்லாவற்றிலும் ஃபயர்பாக்ஸ்தான். திறந்தவுடன் எங்கள் நூல் பட்டியல் பக்கம் வர வேண்டும், மூடும்போது வரலாறு அழிய வேண்டும் என்பதற்காக ஃபயர்பாக்ஸுக்கு அமைப்புகளை வரிவரியாகச் சொல்லும் ‘யூசர்.ஜேஎஸ்’ கோப்பை எழுதி எட்டிலும் போட்டேன். உபுண்டு மூன்றிலும் எதுவும் நடக்கவில்லை. விண்டோஸ் ஒன்றிலும் அப்படியே. மற்ற நான்கில் முகப்புப் பக்கம் வருகிறது, வரலாறு அழிவதில்லை. பதிவிறக்கம் தொடர்பான ஒரு வரியைப் பிறகு நீக்கிவிட்டேன். அது இன்னும் அமலில் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: எட்டுக் கணினிக்கும் ஒரே கோளாறு என்று நினைத்துத் தேடினால் நாள் முழுவதும் போய்விடும். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. எதுவுமே நடக்காத இடத்தில் ஃபயர்பாக்ஸ் கோப்பைப் படிக்கவே இல்லை. பாதி நடக்கும் இடத்தில் படித்திருக்கிறது, ஒரு வரியை ஏற்கவில்லை. நீக்கிய வரி தொடரும் இடத்தில் கோளாறு வேறொரு கோப்பில் இருக்கிறது.

படித்ததா இல்லையா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அதற்கு நான் எப்போதும் செய்யும் சோதனை இது. கோப்பின் கடைசி வரியாக, ஃபயர்பாக்ஸில் இல்லாத ஓர் அமைப்பின் பெயரை ஆங்கில எழுத்துகளில் நீங்களே உருவாக்கி, அதற்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள். உலாவியை முழுதாக மூடித் திறங்கள். இந்தக் கோப்பு தொடக்கத்தில் மட்டுமே படிக்கப்படுகிறது. பிறகு முகவரிப் பட்டையில் ‘அபவுட்:கான்ஃபிக்’ என்ற அமைப்புகள் பட்டியலுக்குப் போய் அந்தப் பெயரைத் தேடுங்கள். தடித்த எழுத்தில் பெயரும் பக்கத்தில் 1-ம் இருந்தால் கோப்பு படிக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு கவனம் தேவை: இல்லாத பெயரைத் தேடினாலும் அந்தப் பக்கம் அதே பெயரைக் காட்டி, ‘பூலியன், நம்பர், ஸ்ட்ரிங்’ என்று மூன்று வகைகளைத் தந்து, புதிதாகச் சேர்க்கவா என்று கேட்கும். பெயர் தெரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

உபுண்டு மூன்றிலும் இந்தச் சோதனை தோற்கும் என்றே எதிர்பார்க்கிறேன். 22.04-இல் ஃபயர்பாக்ஸ் ‘ஸ்னாப்’ தொகுப்பாக வருகிறது. அதன் புரொஃபைல், அதாவது அமைப்புகளும் வரலாறும் சேமிக்கப்படும், யூசர்.ஜேஎஸ்-ஐயும் போட வேண்டிய கோப்புறை, பழைய வழிகாட்டிகள் சொல்லும் ‘.மொசில்லா’ கோப்புறையில் இல்லை. வீட்டுக் கோப்புறைக்குள் ‘ஸ்னாப்’, அதற்குள் ‘ஃபயர்பாக்ஸ்’, அதற்குள் ‘காமன்’ என்று போனால், அங்குள்ள ‘.மொசில்லா’வுக்குள் இருக்கிறது. பழைய இடத்திலும் அதே பெயரில் கோப்புறை மிஞ்சியிருந்தால், கோப்பைத் தவறான இடத்தில் போட்டுவிட்டோம் என்ற சந்தேகமே வராது. பாதையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘அபவுட்:சப்போர்ட்’ பக்கத்தில் புரொஃபைல் கோப்புறைக்கான வரி இருக்கும். அதிலுள்ள பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் கோப்புறைதான் இப்போது நடப்பில் இருப்பது.

விண்டோஸ் ஒன்றுக்கும் இதே பொத்தானில் தொடங்குங்கள். 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் ஃபயர்பாக்ஸ் தனிப் புரொஃபைல் வைத்துக்கொள்கிறது. ஒரு கணினியில் இரண்டு முறை நிறுவியிருந்தால் இரண்டு புரொஃபைல்கள் இருக்கலாம். நீங்கள் கோப்பைப் போட்டது பயன்பாட்டில் இல்லாத ஒன்றாக இருக்கலாம். இடம் சரியென்றால் பெயரைப் பாருங்கள். நோட்பேடில் சேமித்த கோப்பின் வால்பகுதியில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டிருக்கும், விண்டோஸ் அதை மறைத்துவிடும். கோப்புறையின் ‘வியூ’ பட்டியலில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். பல வருடங்களுக்கு முன், ஒரு பயிற்சி மையத்தில் இந்த நான்கு எழுத்துகளுக்காக ஒரு பிற்பகல் முழுவதையும் செலவழித்திருக்கிறேன்.

இனி, வரலாறு அழியாத நான்கு. நீங்கள் அனுப்பிய வரியைப் பார்த்தேன். மூடும்போது அழி என்ற அமைப்புக்கு ‘ட்ரூ’ என்று மதிப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ‘ட்ரூ’வை மேற்கோள் குறிகளுக்குள் போட்டிருக்கிறீர்கள். குறிகளுக்குள் வந்தால் அது ஆம், இல்லை என்ற மதிப்பு அல்ல, நான்கெழுத்துச் சொல். அந்த அமைப்பின் இயல்பு மதிப்பு ஆம்-இல்லை வகை என்பதால் சொல் வகையை ஃபயர்பாக்ஸ் ஏற்காது. திரையில் எச்சரிக்கை எதுவும் வராமல் பழைய மதிப்பே நிற்கும். குறிகளை எடுத்துவிடுங்கள். முகவரிக்கும் அமைப்பின் பெயருக்கும் குறிகள் கட்டாயம் வேண்டும், அதுவும் நேரான குறிகள். வேர்டிலிருந்து நகலெடுத்த வரிகளில் வளைந்த குறிகள் வந்துவிடும். அவற்றை ஃபயர்பாக்ஸ் மேற்கோளாகவே கருதாது. இத்தகைய எழுத்துப் பிழைகள் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் கன்சோல் என்ற பிழைச்செய்திச் சாளரத்தில் தெரியும்.

நீக்கிய வரி ஏன் சாகவில்லை? யூசர்.ஜேஎஸ்-இல் உள்ளதைத் தொடக்கத்தில் படிக்கும் ஃபயர்பாக்ஸ், அதைத் தன் சொந்தக் கோப்பான ‘பிரெஃப்ஸ்.ஜேஎஸ்’-இல் எழுதிக்கொள்கிறது. உங்கள் கோப்பில் வரியை அழித்தாலும் அங்கே எழுதியது அப்படியே இருக்கும். அந்தக் கோப்பை உலாவி ஓடும்போது திருத்தாதீர்கள். மூடும்போது ஃபயர்பாக்ஸ் அதை மீண்டும் எழுதி உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். அபவுட்:கான்ஃபிக்கில் அந்த அமைப்பைத் தேடி, வரியின் ஓரத்தில் உள்ள மீட்டமைப்பு அம்புக்குறியை அழுத்துவதே பாதுகாப்பானது.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும், நூலகத்துக்கு யூசர்.ஜேஎஸ் போதாது என்பதே என் உறுதியான கருத்து. அது தனிமனிதர் தன் கணினிக்கு எழுதிக்கொள்ளும் கோப்பு. உட்காரும் எந்த வாசகரும் அமைப்புகளை மாற்றலாம். உங்கள் கோப்பு அடுத்த முறை திறக்கும்போதுதான் திருத்தும். நடுவில், மின்னஞ்சலை மூடாமல் எழுந்து போனவரின் கடிதங்கள் அடுத்து உட்காருபவரின் கண்முன் திறக்கும். உங்களை நம்பி வருகிறவர்களுக்கு அது நேரக்கூடாது.

இதற்காகவே 60-ஆம் பதிப்பிலிருந்து ‘பாலிசீஸ்.ஜேசன்’ என்ற கொள்கைக் கோப்பு இருக்கிறது; கணினியின் நிர்வாகி அதில் அமைப்புகளை விதியாக எழுதி வைக்கலாம். விண்டோஸில் ஃபயர்பாக்ஸ் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற கோப்புறையை உருவாக்கி அதில் போடுங்கள். உபுண்டுவில் ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘ஃபயர்பாக்ஸ்’, அதற்குள் ‘பாலிசீஸ்’. ஸ்னாப் ஃபயர்பாக்ஸும் அங்கிருந்து படிக்கும். உங்களுக்கு இரண்டே கொள்கைகள் போதும். ‘ஹோம்பேஜ்’ கொள்கையில் முகவரியைக் கொடுத்து, ‘லாக்டு’ என்பதை ட்ரூ ஆக்கி, ‘ஸ்டார்ட்பேஜ்’ என்பதில் ஹோம்பேஜ் என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், முந்தைய தாவல்களைத் திறக்கும்படி வைத்திருக்கும் கணினியில் உங்கள் பக்கம் வராமல் போகலாம். ‘சானிடைஸ்ஆன்ஷட்டவுன்’ என்பதை ட்ரூ ஆக்கினால் வரலாற்றோடு குக்கீகளும் அழியும், உள்நுழைவுகள் கலையும்.

யூசர்.ஜேஎஸ்-இல் ஒரு வரி பிழையானாலும் மற்றவை பிழைக்கக் கூடும். கொள்கைக் கோப்பு எழுதப்படும் ஜேசன் வடிவம் அப்படியல்ல. கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருந்தாலோ, இரட்டைச் சாய்கோட்டில் குறிப்பு எழுதினாலோ மொத்தக் கோப்பும் செல்லாது. ‘அபவுட்:பாலிசீஸ்’ பக்கத்தைத் திறங்கள். ஏற்கப்பட்ட கொள்கைகள் அங்கே பட்டியலாக இருக்கும். பிழை இருந்தால் ‘எரர்ஸ்’ என்ற பகுதி தனியாகத் தோன்றும்.

உபுண்டுவில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் கோப்பின் அனுமதியைப் பாருங்கள். நிர்வாகியாக நகலெடுத்த கோப்பை மற்ற பயனர்கள் படிக்க முடியாமல் இருக்கக் கூடும். அனுமதியை 644 (உரிமையாளர் மட்டும் திருத்தலாம், எல்லோரும் படிக்கலாம்) ஆக்கிவிட்டு, எட்டுக் கணினியிலும் பழைய யூசர்.ஜேஎஸ்-ஐ நீக்கிவிட்டு, உலாவியைத் திறந்து பாருங்கள்.