0.8-க்கு இறங்கினால் பிராசஸர் கெட்டுவிட்டதா?

கேள்வி: என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-8250யு. வாங்கும்போது 1.6 கிகாஹெர்ட்ஸ் என்றார்கள். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஒரு நேரம் 0.8, ஒரு நேரம் 3.4 என்று ஏறி இறங்குகிறது. ‘பிராசஸர் வீக், மாத்திடுங்க’ என்கிறார் ரிப்பேர் கடைக்காரர். மாற்ற வேண்டுமா?
– விருதுநகர் வாசகி

பதில்: வேண்டாம். அதைத் தனியாகக் கழற்றி மாற்றவும் முடியாது, மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்ட சிப் அது. அவர் உங்களிடம் விற்க நினைப்பது ஒரு முழு போர்டு.

1.6 என்பது, 15 வாட்டுக்குள் நின்று தொடர்ந்து ஓடுவதற்குக் கம்பெனி சொல்லும் அடிப்படை வேகம். 3.4 என்பது பாரமான வேலை வரும்போது கொஞ்ச நேரத்துக்கு எட்டும் உச்ச வேகம், ‘டர்போ’ என்பார்கள். வேலை இல்லாதபோது 0.8 அல்லது அதற்கும் கீழே இறங்கும். மூன்றுமே சரியான எண்கள்தான்.

ஏன் இறங்க வேண்டும்? சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சுகள்தான் டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் ஆன்-ஆஃப் என்று மாறும்போது துளி மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அதில் செலவாகும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்த மாற்றம் சிப்பின் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப நடக்கும். ஒரு விநாடிக்கு எத்தனை நூறு கோடி துடிப்பு என்பதுதான் கிகாஹெர்ட்ஸ். ஆக, மின்செலவு = வோல்டேஜ் × வோல்டேஜ் × வேகம் என்ற விகிதத்தில் போகும். வேகமாக ஓட வேண்டுமானால் அடுத்த துடிப்பு வருவதற்குள் டிரான்சிஸ்டர் மாறி முடித்திருக்க வேண்டும். அதற்கு வோல்டேஜைக் கூட்டியாக வேண்டும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். லாபம் அந்த வோல்டேஜில்தான் இருக்கிறது, வேகத்தில் இல்லை.

பழைய கணக்கு ஒன்று. 2000 ஜனவரியில் இன்டெல் ‘ஸ்பீட்ஸ்டெப்’ வசதியோடு கொண்டுவந்த மொபைல் பென்டியம் 3, சார்ஜரில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பேட்டரியில் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். வேகம் 23 சதவீதம்தான் குறைந்தது. கணக்குப் போட்டால் மின்செலவு ஏறக்குறைய 45 சதவீதம் குறைகிறது. வோல்டேஜை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்திருந்தால்? வேலை அதிக நேரம் இழுக்கும். அந்த வேலைக்கான மொத்தச் செலவு குறைந்திருக்காது.

இன்றைய சிப்கள் இன்னொன்றும் செய்கின்றன: வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கிவிடுகின்றன. நீங்கள் விநாடிக்கு ஐந்து எழுத்து டைப் செய்தால், இரண்டு எழுத்துக்கு நடுவே 200 மில்லி விநாடி இருக்கிறது. சிப்புக்கு அது நீண்ட காலம். அந்த இடைவெளியில் கோர்களுக்கான (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) துடிப்பை நிறுத்தி, ஆழ்ந்த உறக்கத்தில் மின்சாரத்தையே துண்டித்துவிடும். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதை முன்பு விண்டோஸ் சொல்ல வேண்டியிருந்தது. 2015-இல் வந்த ஸ்கைலேக் சிப்களிலிருந்து ‘ஸ்பீட் ஷிஃப்ட்’ மூலம் சிப்பே முடிவு செய்கிறது.

கேள்வி: பேட்டரி நீடிக்க, பிராசஸர் வேகத்தை 50 சதவீதத்தில் பூட்டி வைக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: 50 வேண்டாம், 99 வையுங்கள். கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’, அதில் ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, பிறகு ‘அட்வான்ஸ்டு’ பட்டியலில் ‘பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்’. அங்கே ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்பதில் ‘ஆன் பேட்டரி’க்கு மட்டும் 99 கொடுங்கள். 100-இலிருந்து ஒன்று குறைந்தாலே பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். டர்போவில்தான் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். வெட்ட வேண்டியது அதைத்தான்.

50-இல் என்ன கோளாறு? வோல்டேஜுக்கு ஒரு தரைமட்டம் உண்டு. அதைத் தொட்ட பிறகு வேகத்தைக் குறைத்துப் பயனில்லை. வேலை முடிய நேரமாகும். அவ்வளவு நேரமும் திரை, ரேம், வைஃபை எல்லாம் கரண்ட் தின்றுகொண்டே இருக்கும். ‘மினிமம்’ 5 சதவீதத்திலேயே இருக்கட்டும்.

புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பட்டியலே தெரியாது. தேடி அலையாதீர்கள். செட்டிங்ஸில் ‘பவர் மோடு’ என்பதை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி’ ஆக்கினால் போதும்.

கேள்வி: சார்ஜரில் போட்டிருந்தாலும் 0.4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. விண்டோஸை இரண்டு முறை மாற்றியாயிற்று.
– ஈரோடு வாசகர்

பதில்: இது மிச்சம் பிடிப்பதல்ல, தடை. ‘எனக்கு ஆபத்து’ என்று போர்டில் ஏதோ ஒரு பாகம் சிப்புக்குச் சைகை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ‘ப்ராக்ஹாட்’ என்பார்கள். விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது.

முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் போட்டிருக்கலாம். அல்லது சார்ஜர் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி வளைந்து, சார்ஜர் எத்தனை வாட் என்பது லேப்டாப்புக்குத் தெரியாமல் போயிருக்கலாம். சில லேப்டாப்களில் பயாஸ் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) திரையிலேயே அடாப்டரின் வாட் அளவு தெரியும். ‘அன்நோன்’ என்று வந்தால் காரணம் அகப்பட்டது. அடுத்து, செத்த பேட்டரி. சார்ஜரால் தர முடியாத உச்சத் தேவையைப் பேட்டரிதான் ஈடுகட்டுகிறது. அது இல்லாவிட்டால் சில மாடல்கள் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

சூட்டினால் வரும் மந்தம் வேறு மாதிரி. தொடக்கத்தில் நன்றாக ஓடி, சில நிமிடத்தில் ஃபேன் இரைந்து, சிப் 100 டிகிரி செல்சியஸை நெருங்கிய பிறகு விழும். ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) நடுவே படிந்த தூசிப் படலத்தை எடுத்து, சிப்பின் சூட்டை அதற்குக் கடத்தும் காய்ந்த தெர்மல் பேஸ்டை மாற்றினால் சரியாகிவிடும். பாரமான வேலையில் அரை நிமிடம் வரை வேகமாக இருந்துவிட்டுக் கொஞ்சம் இறங்கினால் அது கோளாறே இல்லை. டர்போவுக்குப் பல லேப்டாப்களில் 28 விநாடிதான் தவணை. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது, ஆன் செய்ததிலிருந்தே 0.4 என்றால் சார்ஜர், பேட்டரி, இல்லையேல் போர்டில் கெட்டுப்போன ஒரு சென்சார்.

ப்ராக்ஹாட் சைகையை அணைக்கும் மென்பொருள்களை யூடியூபில் சிபாரிசு செய்வார்கள். காரணம் தெரியும்வரை தொடாதீர்கள். சின்ன சார்ஜரில் அதை அணைத்தால், சார்ஜர்தான் கொதிக்கும்.

கேள்வி: லினக்ஸில் கவர்னர் ‘பவர்சேவ்’ என்று காட்டுகிறது. குறைந்த வேகத்தில் பூட்டிவிட்டதா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கவர்னர் என்பது வேகத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்ற விதி. அதை நடைமுறைப்படுத்தும் மென்பொருள் டிரைவர். முதலில் டிரைவரைப் பாருங்கள். ‘இன்டெல் பி-ஸ்டேட்’ டிரைவர் அதன் வழக்கமான முறையில் ஓடினால், பெயர்தான் பவர்சேவ். தேவைக்கேற்ப டர்போ வரை ஏறும். ‘ஏசிபிஐ சிபியுஃப்ரீக்’ டிரைவர் என்றால் பூட்டியதுதான், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் ‘ஷெட்யூட்டில்’ கவர்னருக்கு மாற்றிவிடுங்கள்.