ஐக்யூ குறைந்துவிட்டதா?

கேள்வி: என் மகளுக்குப் போன வருடம் ஐக்யூ 104. இப்போது 98. அறிவு மங்குகிறதா டாக்டர்?

பதில்: இல்லைம்மா, பயப்படாதீர்கள். இந்தச் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 15. நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் அதே போன்ற மதிப்பெண் வரும் தன்மை; உச்சம் 1) 0.9 உள்ள நல்ல சோதனையிலும் சுமார் 5 புள்ளி அளவீட்டுப் பிழை உண்டு. அதனால் 98 என்றால், இரு பக்கமும் அந்தப் பிழையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இடம் விட்டு, 89-க்கும் 107-க்கும் நடுவில் எங்கோ என்றுதான் நான் வாசிப்பேன். பழைய 104-ம் அதற்குள்தானே இருக்கிறது!

சோதனைக்காக என் எதிரே உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவன், கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினான். ஸ்டாப்வாட்ச் நிற்கவில்லை. நான்கு நொடி போச்சு, ஒரு புள்ளியும் போச்சு. அவன் அறிவு அப்படியேதான் இருந்தது.

அப்புறம், அறிக்கையில் அந்த 89–107 போன்ற வீச்சையும் எழுதித் தரச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள்.